பதினான்கு நோட்டு, ஒரு டூல்ஸ் மெனு

அப்பா முப்பது வருடம் சேர்த்த பாட்டுகளின் அடிகளை எல்லாம் நான் ஒரே சொடுக்கில் ஒட்டவைத்துவிட்டேன். வேலை தொடங்கிய முதல் நாள் மாலையே நடந்தது இது. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் கொஞ்சம் முன்கதை. அப்பா திண்டிவனம் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய், வயதானவர்கள் பாடுவதை நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, கும்மி, ஏற்றப்பாட்டு என்று 14 நோட்டு, 412 பாட்டு. நான் கோயம்புத்தூரில் பம்புசெட்டுகளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறவன். பம்புசெட்டு வந்துதான் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றம் போனது, ஏற்றத்தோடு ஏற்றப்பாட்டும் போனது. அந்தப் பம்புக்குக் கையேடு எழுதும் மகன்தான் அந்தப் பாட்டுகளைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்று அப்பா முடிவு செய்தபோது, அதில் குத்தல் ஏதும் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அலுவலகத்தில் தினமும் புழங்குவது ஆக்சிஜன் எக்ஸ்எம்எல் எடிட்டர். ருமேனியாவில் கிரயோவா என்ற ஊரில் இருக்கும் சிங்க்ரோ சாஃப்ட் நிறுவனம் செய்வது. அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் திறப்பது, எழுதுவது, சரிபார்ப்பது, பிடிஎஃப் எடுப்பது. டூல்ஸ் மெனுவை மாதத்துக்கு ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அப்பாவின் நோட்டுகளால்தான் அதற்குள் போனேன்.

எக்ஸ்எம்எல் எதற்கு, வேர்டில் அடித்தால் போதாதா என்று தங்கை மகன் கேட்டான். வேர்டில் தடித்த எழுத்து பாட்டின் தலைப்பா, பாடியவர் பெயரா என்று கணினிக்குத் தெரியாது. நாளைக்குப் புத்தகமாகவும் வர வேண்டும், ஊர்வாரியாகத் தேடவும் வேண்டும் என்றால் எது என்ன என்று பெயர் வைத்தாக வேண்டும். எக்ஸ்எம்எல்லில் அப்படி முன்னும் பின்னும் அடைப்புக்குறிக்குள் போடும் பெயர்தான் டேக். அந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன். எக்ஸ்எம்எல் 1.0 வந்த 1998 பிப்ரவரியிலிருந்தே டேக் பெயர் தமிழில் இருக்கலாம். பலர் இதைப் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். (அதே 1998 பொங்கலன்றுதான் மதுரைத் திட்டமும் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தவர்களுக்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் ஒரே வயது.)

முதல் 9 நோட்டுகளை ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்தோம். அவர்களிடம் இருந்தது பழைய எழுத்துரு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு இல்லை. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தும் கடைகளில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்றுதான் ஓடியது. அதை ஒரு மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக எடுத்தேன். மீதி 5 நோட்டைத் தங்கை மகன் நேராக யூனிகோடிலேயே அடித்தான். நோட்டுக்கு ஒரு கோப்பு, மொத்தம் 14. இந்த 9-க்கும் 5-க்கும் நடுவில் இருந்த வேறுபாடுதான் பின்னால் என்னைப் பாடாய்ப்படுத்தியது.

முதல் நாள் விஷயத்துக்கு வருகிறேன். கோப்புக்குள் பாட்டு இப்படி இருந்தது:

<பாடல் எண்="17" வகை="ஏற்றம்">
ஒண்ணாஞ்சால் ஊத்தி
ஓடுதய்யா வாய்க்கா
ரெண்டாஞ்சால் ஊத்தி
நெல்லுக்கது ஏங்கும்
</பாடல்>

டேக்குகள் கோணல்மாணலாக நின்றன. ஒழுங்குபடுத்தலாமே என்று டூல்ஸ் மெனுவில் ஃபார்மட் அண்ட் இண்டென்ட் ஃபைல்ஸ் என்பதைத் திறந்தேன். திறந்திருக்கும் கோப்பை மட்டும் ஒழுங்குபடுத்தும் பொத்தான் ஒன்று மேலே தனியாக உண்டு. மெனுவில் இருப்பது கோப்புறை முழுவதற்கும். கோப்புறையைக் காட்டினேன், ஓகே கொடுத்தேன், முடிந்தது. ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால்:

<பாடல் எண்="17" வகை="ஏற்றம்">ஒண்ணாஞ்சால் ஊத்தி ஓடுதய்யா வாய்க்கா ரெண்டாஞ்சால் ஊத்தி நெல்லுக்கது ஏங்கும்</பாடல்>

எல்லாப் பாட்டும் உரைநடையாகிவிட்டது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. டேக்குக்குள் வெறும் எழுத்து மட்டும் இருந்தால், அதில் வரும் வரி முறிவும் இடைவெளியும் அழகுக்காக விட்டவை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே இடைவெளியாக்கும். பம்புக் கையேட்டில் அது சரிதான். பாட்டில் வரி முறிவே பொருள் என்று நான்தான் அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் நகல் எடுத்துவை என்று ஒரு தேர்வுப் பெட்டி அதே உரையாடல் பெட்டியில் இருக்கிறது. அதையும் நான் தொடவில்லை. அன்டூ என்பது திறந்திருக்கும் கோப்புக்குத்தான். வட்டில் நேராக எழுதிவிட்ட கோப்புக்கு அது கிடையாது.

நல்ல வேளை, மாற்றி எடுத்த கோப்புகள் மின்னஞ்சலில் ஒருமுறை போயிருந்தன. அதிலிருந்து மீட்டேன். ஒன்றரை நாள் வேலை போனது. அன்றைக்கே கோப்புறையில் கிட் (கோப்புகளின் ஒவ்வொரு நிலையையும் சேமித்து, வேண்டும்போது பழையதை மீட்டுத்தரும் மென்பொருள்) போட்டேன். இனி டூல்ஸ் மெனுவில் எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு கமிட், அதாவது அப்போதைய நிலையை அதில் சேமிப்பது.

இங்கே மெனுவைப் பற்றி எனக்குப் புரிந்தது ஒன்று. எடிட் மெனுவில் ஒன்றைச் செய்தால் அது கண்ணெதிரே நடக்கும். டூல்ஸ் மெனுவில் பாதி வேலை முதுகுக்குப் பின்னால் நடக்கும், திரையில் ஒன்றும் அசையாது. அதனால் எதையும் முதலில் ஒரே ஒரு கோப்பின் நகலில் ஓட்டு, பிறகு அதே மெனுவின் கீழே இருக்கும் கம்பேர் ஃபைல்ஸில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார், அப்புறம் மீதிக் கோப்புகளுக்குப் போ. இந்த வரிசையை அதற்குப் பிறகு நான் மீறவில்லை. கம்பேரில் ஒப்பிடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்: எழுத்துவாரி, சொல்வாரி, வரிவாரி, எக்ஸ்எம்எல் அமைப்பின்படி. பாட்டுக்கு வரிவாரிதான் உதவியது. எக்ஸ்எம்எல் முறை அமைப்பைப் பார்க்கும். எனக்கோ வரி வேண்டும்.

அடிகளுக்குத் தற்காலிக வழி, ப்ரிஃபரன்ஸில் ஃபார்மட் பகுதியில் எக்ஸ்எம்எல்லுக்குள் ஒயிட்ஸ்பேஸ் என்ற பக்கம். அங்கே இடைவெளியைத் தொடக்கூடாத டேக்குகளின் பட்டியலில் பாடல் என்று சேர்த்தால் அதன்பின் கைவைக்காது. ஆனால் அது என் கணினிக்கு மட்டும். தங்கை மகன் தன் கணினியில் ஒருமுறை இண்டென்ட் அடித்தால் மறுபடியும் அதே கதை. நிலையான வழி ஒன்றுதான், ஒவ்வொரு அடிக்கும் தனி டேக். தேடி மாற்றுவதில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் சூத்திரம்) எழுதி வரிக்கு ஒரு <அடி> போட்டேன். இது டூல்ஸ் மெனுவில் இல்லை, ஃபைண்ட் மெனுவில். ஏற்றப்பாட்டுக்கு மட்டும் எந்தச் சால், அதாவது எத்தனையாவது முறை இறைத்த தண்ணீர், என்ற எண்ணையும் சேர்த்தேன்:

<அடி சால்="1">ஒண்ணாஞ்சால் ஊத்தி</அடி>
<அடி சால்="1">ஓடுதய்யா வாய்க்கா</அடி>

ஏற்றப்பாட்டில் எண் சும்மா இல்லை. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கே பாட்டுக்குள்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு சின்னச் சிக்கல். சில அடிகளில் அருஞ்சொல்லுக்குப் பொருள் குறித்திருந்தோம். ஒரு அடி முழுக்க <சொல்> டேக்குகளாகவே, நடுவில் தனி எழுத்து ஏதும் இல்லாமல் அமைந்துவிட்டால், இண்டென்ட் செய்யும்போது அவை கீழ்க்கீழே உடைந்து, ஒட்டி நிற்க வேண்டிய சொற்களுக்கு நடுவே இடைவெளி புகுந்தது. அதே ஒயிட்ஸ்பேஸ் பக்கத்தில் கலப்பு உள்ளடக்கம் (எழுத்தும் டேக்கும் கலந்து வருபவை) என்ற பட்டியலில் அடி என்று சேர்த்ததும் நின்றது.

அடுத்து நாலாம் நோட்டு. திறந்ததும் சிவப்புக் கோடு. தொகுப்பு என்ற டேக்கை முடிக்க அதற்குப் பொருந்தும் முடிவு டேக் </தொகுப்பு> வேண்டும் என்கிறது பிழைச் செய்தி. கோப்பின் கடைசி வரியில் </தொகுப்பு> தெளிவாக இருக்கிறது. தங்கை மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாமா, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"எனக்கும் அப்படித்தான் தெரியுது."

"நான்தான் மாமா கடைசி வரியைப் போட்டேன். மறுபடியும் அடிக்கச் சோம்பல்பட்டு மேலே 'நாலாம் நோட்டுத் தொகுப்பு'ன்னு இருந்ததுல இருந்து அந்த வார்த்தையைக் காப்பி எடுத்து ஒட்டினேன்."

அங்கேதான் பிடி கிடைத்தது. மேலே இருக்கும் டேக் நான் தட்டியது. கீழே இருப்பது டிடிபி கடையிலிருந்து மாற்றியின் வழியாக வந்த சொல். டூல்ஸ் மெனுவில் ஹெக்ஸ் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. கோப்பை எழுத்தாகக் காட்டாமல் பைட் பைட்டாகக் காட்டும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். தொகுப்பு என்ற சொல்லில் த, ொ, க, ு, ப, ், ப, ு என்று 8 குறிகள், 24 பைட் வர வேண்டும். மேலே 24 இருந்தது. கீழே எண்ணினால் 27.

கூடுதலாக வந்த அந்த 3 பைட் ஒகரக் குறியில் இருந்தது. கொம்பும் காலும் சேர்ந்த ொ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் &#3018; என்ற எண். கொம்பை &#3014; என்றும் காலை &#3006; என்றும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் ஒரு துளி வித்தியாசம் தெரியாது. யூனிகோட் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. எக்ஸ்எம்எல் மட்டும் குறியைக் குறியோடு ஒத்துப்பார்க்கும், சமம் என்பதெல்லாம் அதற்குக் கிடையாது. ஆகவே அதன் கணக்கில் தொகுப்பு வேறு, தொகுப்பு வேறு.

அதோடு பழைய புதிர் ஒன்றும் விளங்கியது. முந்தைய வாரம் கொல்லை என்று தேடியபோது பின் 5 நோட்டுகளில் மட்டுமே கிடைத்தது. முதல் 9 நோட்டில் கொல்லையே இல்லையா என்று அப்பாவிடம்கூடக் கேட்டேன். "கொல்லை இல்லாத ஊரா?" என்றார். இருந்தது, இரண்டு துண்டாக.

இதைச் சரிசெய்ய டூல்ஸ் மெனுவிலேயே கேனோனிகலைஸ் என்று ஒன்றைப் பார்த்தேன். பெயரைப் பார்த்தால் இதுதான் மருந்து போலத் தோன்றும். ஓட்டினேன். பண்புகளை (டேக்குக்குள் வரும் எண், வகை போன்றவை) வரிசைப்படுத்தியது, வெற்று டேக்குகளைத் திறப்பு, முடிவு என இரண்டாகப் பிரித்தது, மேலே இருந்த எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரியை எடுத்துவிட்டது. ொ மட்டும் அப்படியே இருந்தது. பிறகு படித்துப் பார்த்தால், 2001-ல் வந்த கேனோனிகல் எக்ஸ்எம்எல் விதிமுறை எழுத்துகளை ஒருமுகப்படுத்தும் வேலையை வேண்டுமென்றே விட்டிருக்கிறது. அது டிஜிட்டல் கையொப்பத்துக்கு ஆவணத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவி. அதே மெனுவில் சைன், வெரிஃபை சிக்னேச்சர் என்று பக்கத்திலேயே இருக்கிறதே, அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் எழுத்தை ஒருமுகப்படுத்தும் செயற்கூறு உண்டு. ஆனால் நாலாம் நோட்டு எக்ஸ்எம்எல்லாகவே தேறவில்லை, எக்ஸ்எஸ்எல்டி அதைப் படிக்கவே படிக்காது. எனவே கோப்பை வெறும் எழுத்தாகப் பார்க்கும் ஏதாவது வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதினேன்: கோப்பைத் திற, என்எஃப்சி வடிவத்துக்கு (துண்டாக இருக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்று, எழுது. அதை டூல்ஸ் மெனுவின் எக்ஸ்டர்னல் டூல்ஸில் சேர்த்துக்கொண்டேன். ஒரு பெயர், எந்தக் கட்டளை ஓட வேண்டும், எந்தக் கோப்புறையில் ஓட வேண்டும், இவ்வளவுதான் அங்கே கேட்கும். இப்போது திறந்திருக்கும் கோப்பு என்பதற்கு ஒரு மாறி இருக்கிறது, அதைக் கட்டளையில் வைத்தால் கோப்புப் பெயரைத் தட்ட வேண்டியதில்லை. 'கொம்பு கால் சேர்' என்று பெயர் வைத்தேன். மெனுவில் ஆங்கிலக் கூட்டத்துக்கு நடுவே அது மட்டும் தமிழில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஒரு சந்தோஷம்.

ஓட்டியதும் நாலாம் நோட்டின் சிவப்புக் கோடு போனது. கொல்லை 9 நோட்டிலும் முளைத்தது. கம்பேர் ஃபைல்ஸில் முன்னதையும் பின்னதையும் வைத்தால் வேடிக்கையாக இருந்தது. இடது பக்கம் ஒரு வரி, வலது பக்கம் அதே வரி, இரண்டும் வேறு என்று வண்ணம் அடித்துக் காட்டுகிறது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று.

அந்த உற்சாகத்தில் ஔகாரத்தையும் ஒரு கை பார்க்கலாம் என்று இறங்கியதுதான் தப்பு. பழைய எழுத்துருக்களில் ௌ குறிக்கு வலது பக்கம் ள எழுத்தையே போட்டு ஒப்பேற்றுவார்கள். மாற்றியும் அதை ள என்றே எடுத்துக்கொண்டிருந்தது. பெளர்ணமி, கெளரி, வெளவால் என்று இருப்பதெல்லாம் உண்மையில் பௌர்ணமி, கௌரி, வௌவால் ஆக வேண்டும். என்எஃப்சி இதைத் தொடாது. அதற்கு அது கொம்பும் ளகரமும், இரண்டு வேறு எழுத்து. கொம்புக்குப் பின் ள வந்தால் ௌ என்று மாற்று என்று பைத்தானில் ஒரு வரி கூட்டினேன். ஒரு கோப்பில் ஓட்டினேன், கம்பேரில் பார்த்தேன். வெள்ளம் எல்லாம் வௌ்ளம். தெளிந்த தண்ணீர் கலங்கிவிட்டது. கெளுத்தி மீன் வாலில்லாமல் துடித்தது.

சரி, ள-வுக்குப் பிறகு புள்ளியோ வேறு குறியோ வந்தால் விட்டுவிடு, வெறும் ள என்றால் மட்டும் மாற்று என்று விதியைத் திருத்தினேன். எழுத்துத் தமிழுக்கு இந்த விதி அனேகமாகப் போதும். அப்பாவின் நோட்டில் இருப்பதோ பேச்சுத் தமிழ். அங்கே விளக்கு வெளக்கு. விளைஞ்சது வெளஞ்சது. கிளம்பி என்பது கெளம்பி. என் விதி அத்தனையையும் ஔகாரமாக்கியது. வௌக்கு ஏத்தி, நெல்லு வௌஞ்சு, வண்டி கௌம்பி. இதில் கொடுமை என்னவென்றால், பல எழுத்துருக்களில் வெளக்குக்கும் வௌக்குக்கும் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. கம்பேர் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது.

கடைசியில் எந்த விதியும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கொம்பும் வெறும் ளகரமும் சேர்ந்து வரும் சொற்களைத் தேடிப் பட்டியல் எடுத்தேன், 96 வந்தது. ஒவ்வொன்றையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் "ஔ" அல்லது "இல்லை" என்று சொல்லச் சொல்லக் கையால் திருத்தினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விதி எழுதுவதில் இரண்டு ராத்திரி போயிருந்தது.

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். என் கோப்புகளில் <பாடல்>, தங்கை மகன் கோப்புகளில் <பாட்டு>. டூல்ஸில் எக்ஸ்எம்எல் ரீஃபேக்டரிங் இதற்காகவே இருக்கிறது. டேக் பெயரை மாற்று, பண்பை டேக் ஆக்கு, ஒன்றைச் சுற்றி இன்னொன்றைப் போடு என்று ஆயத்தமாக ஒரு பட்டியல். எந்த டேக் என்பதை எக்ஸ்பாத்தில், அதாவது கோப்புக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் முகவரி முறையில், சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயர்களை அதுவும் ஏற்கும். நான் எழுதியது:

//பாட்டு

மாற்றும் முன் பார்க்க ப்ரிவியூ என்று ஒரு பொத்தான். முதல் நாள் சூடு பட்டவன் என்பதால் அதை அழுத்தினேன். மாறப்போகும் கோப்புகளின் பட்டியல் வந்தது, ஒவ்வொன்றிலும் முன் பின் பக்கத்தில் பக்கத்தில். பார்த்தால் குறிப்புகளுக்குள்ளும் மாறுகிறது. ஒரு பாட்டின் அடியில் 'இதுவே வேறு ஊரில் இப்படி' என்று காட்டுவதற்கு <குறிப்பு><பாட்டு>9-22</பாட்டு></குறிப்பு> என்று அவன் எழுதியிருக்கிறான். அந்தப் பாட்டு வெறும் சுட்டி, அது பாடல் ஆகக்கூடாது. தொகுப்புக்கு நேர் கீழே இருப்பவை மட்டும் என்று எக்ஸ்பாத்தின் எல்லையைக் குறுக்கினேன்:

/தொகுப்பு/பாட்டு

இப்போது சரியாக 5 கோப்பு, பாட்டு மட்டும். அதே கருவியில் ஊரைப் பண்பிலிருந்து டேக்காகவும் மாற்றினேன். ஒரே பாட்டை இரண்டு ஊரில் கேட்டதாக அப்பா எழுதியிருந்த இடங்கள் உண்டு. ஒரு டேக்கில் ஊர் என்ற பண்பு ஒருமுறைதான் வரலாம், டேக் என்றால் எத்தனை முறையும் வரலாம். முதலிலேயே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஜெனரேட் ஸ்கீமா. வழக்கமாக ஸ்கீமா, அதாவது எந்த டேக்குக்குள் எது வரலாம் என்ற இலக்கணம், எழுதி, அதன்படி ஆவணம் இருக்கிறதா என்று பார்ப்போம். இது தலைகீழ். 14 கோப்பையும் கொடுத்தால், இவற்றில் இருப்பதையெல்லாம் வைத்து இலக்கணம் இதுதான் என்று எழுதித் தரும். உள்ளே ஓடுவது ஜேம்ஸ் கிளார்க் எழுதிய ட்ராங். அது தந்த இலக்கணத்தில் பாடல் என்ற டேக்கின் உள்ளடக்கம் இப்படி வந்தது:

(தலைப்பு, ஊர்+, பாடியவர்?, பாடினவர்?, (அடி | அடீ)+, குறிப்பு*)

இதை ஸ்கீமாவாக நான் பயன்படுத்தவே இல்லை. எனக்கு அது ஒரு தணிக்கை அறிக்கை. பாடியவரும் பாடினவரும் ஒரே ஆள்தான், தங்கை மகன் நடுவில் பெயரை மாற்றியிருக்கிறான். அடீ என்பது எங்கோ விரல் தவறியது. கோப்பு கோப்பாகத் தேடியிருந்தால் அந்த அடீயை எந்தக் காலத்திலும் கண்டிருக்க மாட்டேன். தேட வேண்டும் என்றே தோன்றியிருக்காது. ரீஃபேக்டரிங்கில் இரண்டையும் பெயர் மாற்றிவிட்டு மறுபடி ஸ்கீமா எடுத்தேன், சுத்தமாக வந்தது. அதில் கொஞ்சம் கையால் இறுக்கி, அடிக்குச் சால் எண் வந்தால் அது எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது போலச் சேர்த்து, அதையே இப்போது சரிபார்ப்புக்கு வைத்திருக்கிறோம்.

மெனுவில் மீதி இருக்கும் டபிள்யூஎஸ்டிஎல், எஸ்விஜி சங்கதிகளை நான் தொட்டதே இல்லை. லார்ஜ் ஃபைல் வியூவரை ஒருமுறை ஆர்வத்தில் திறந்தேன். அப்பாவின் 14 நோட்டும் சேர்ந்தாலும் அதன் பசிக்குக் காணாது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, ஒரு ஞாயிறு அப்பாவுக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு காரியம் செய்தேன். ஒரே ஏற்றப்பாட்டை அவர் மூன்றாம் நோட்டில் ஒரு ஊரிலும் ஒன்பதாம் நோட்டில் இன்னொரு ஊரிலும் எழுதியிருந்தார். இரண்டையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து, கம்பேர் ஃபைல்ஸில் இடமும் வலமுமாக வைத்தேன். எந்த ஊரில் எந்தச் சொல் மாறுகிறது என்று வண்ணத்தில் தெரிந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சால் வரும்போதும் இரண்டு ஊர் மெட்டையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நாற்பதாம் சால் தாண்டியதும் நிறுத்தினார். இடது பக்கம் அடிகள் ஓடுகின்றன, வலது பக்கம் வெற்றிடம். 41-லிருந்து 46 வரை, சாலுக்கு இரண்டாக 12 அடி ஒன்பதாம் நோட்டில் இல்லை. நாற்பதுக்கு அடுத்து நேராக நாற்பத்தேழு.

"அந்த ஊருல விட்டுப் பாடுவாங்களோ?" என்று கேட்டேன்.

"சாலை விட்டுட்டு எண்ணினா தண்ணிக் கணக்கு என்னாகுறது?" என்று எழுந்து போனார்.

அலமாரியிலிருந்து ஒன்பதாம் நோட்டைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எப்போதோ மழையில் நனைந்து காய்ந்ததில் இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. டிடிபி கடையில் அதை ஒரே தாளாகப் புரட்டிவிட்டிருக்கிறார்கள். அப்பா சவரப் பிளேடை விளிம்பில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால்மணி நேரம் ஆக்கிப் பிரித்தார். மை கொஞ்சம் எதிர்ப்பக்கம் பதிந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அவர் வாசிக்க வாசிக்கத் தங்கை மகன் அடித்தான். நான் 'கொம்பு கால் சேர்' ஓட்டி, ஸ்கீமாவில் சரிபார்த்து, கமிட் செய்தேன். ஔகாரப் பட்டியலுக்கும் ஒருமுறை தேடிப் பார்த்தேன், ஒன்று வந்தது. நாற்பத்தி மூணாஞ்சாலில் ஒரு கெளம்பி. அப்படியே விட்டுவிட்டேன்.